துறையில் நின்ற குதிரைக்காரன்

‘அணையாக் கோட்டை’ தொடர்கதையின் கடைசி அத்தியாயம் வந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையில், அனந்தேரி ஊருக்கு மேற்கே ஆறு அகன்று முழங்காலளவு ஓடுகிற கல்துறையில், நான்கு குதிரைகளின் கடிவாளங்களையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றான். குளிக்கப் போனவர்கள் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் ஆளைத் தெரிந்துகொண்டார்கள். இடது காதில் பாதி இல்லை. வெள்ளைக் குதிரையின் சேணத்தில் இளவரசி வெண்கோதையின் அன்னக்கொடி சுருட்டிச் செருகியிருந்தது. கதையில் வருகிற குதிரைக்காரனேதான். இத்தனை வருஷமாக வாரா வாரம் வீட்டுக்குள் வந்துபோன கதை இன்றைக்கு ஆற்றங்கரை வரைக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று ஊர் நினைத்தது. ஊருக்கு வந்த கவலை வேறு. நாலு குதிரைக்கு யார் புல் போடுவது?

அன்றைக்குச் சாயங்காலமே பஞ்சாயத்து அலுவலகத்தில் கூடினார்கள். தலைவர் சங்கரபாண்டியன், “தெருவிளக்குக்கே வழியக் காணும், குதிரைக்கு நான் எங்க போவேன்?” என்று கையை விரித்தார். ஊரில் தெருவும் நாலு, குதிரையும் நாலு, தெருவுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் சொல்ல, அது நல்ல யோசனைதான் என்று எல்லோரும் தலையாட்ட, வெள்ளைக் குதிரை எங்களுக்கு என்று நாலு தெருவும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க, இரண்டு பேருக்குச் சட்டை கிழிந்தது. கடைசியில் வெள்ளைக் குதிரையை வாரத்துக்கு ஒரு தெரு என்று முறை வைத்தார்கள். குதிரைகளும் மேலத்தெருச் சோளத்தட்டை, பள்ளிவாசல் தெருப் புல் என்று பேதம் பார்க்காமல் தின்றன.

ஆளுக்குச் சாப்பாடு போட முறை வைக்க வேண்டியிருக்கவில்லை. இட்லி கொண்டுபோனார்கள், கூழ் கொண்டுபோனார்கள், பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சினால் ஒரு வாளி துறைக்குப் போனது. எல்லாவற்றையும் நின்றபடியேதான் சாப்பிட்டான், கடிவாளம் பிடித்த கையை விடாமல். “செத்த உக்காருமய்யா” என்றால், “அமர எனக்கு ஆணையில்லை” என்பான். அந்தத் தமிழைக் கேட்கவே சிலர் வீட்டு வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். கதை எழுதியவர் அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. துறையில் நிற்பவனைத் துறையான் என்று கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்தில் போகிறவர்களிடமெல்லாம் அவன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். “எதிர்க்கரையில் எவரேனும் தென்பட்டார்களா?”

இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல அனந்தேரிக்காரர்களுக்கு வாய் வராது. “வந்துகிட்டு இருக்காவளாம்” என்றார்கள். “தென்காசி தாண்டியாச்சாம்” என்றார்கள். மழை பெய்தால், “மலையில பெருமழை, அதான் பைய வாராவ” என்றார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் தலை வணங்கிவிட்டு மறுபடியும் எதிர்க்கரையைப் பார்த்து நின்றுகொள்வான்.

இனி ஆவுடையம்மாளைச் சொல்ல வேண்டும். நாற்பது தாண்டியவள், கீழத்தெருக் கடைசி வீட்டில் தனியாக இருப்பவள். வரன்கள் வந்த காலத்தில் அப்பா படுக்கையில் இருந்தார், அப்பா போன பிறகு வரன் வரவில்லை; அவள் கதை அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு வாய்த்த குரல் அந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லை. கீழத்தெருப் பெண்கள் காலையில் பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் இலை வெட்டித் தூள் போட்டுச் சுற்றி நூல் கட்டிக்கொண்டிருக்க, ஆவுடை நடுவில் உட்கார்ந்து வார இதழை உரக்க வாசிப்பாள். வாசிக்கிறவள் கை சும்மா இருக்குமே, அவள் பங்குப் பீடியை ஆளுக்குக் கொஞ்சமாக மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆண்களும் நின்று கேட்பார்கள், ஏதோ வேலையாக நிற்கிற மாதிரி. ஊருக்கு வந்தது ஒரே ஒரு பிரதி; அவள் வாசித்ததுதான் ஊருக்குக் கதை.

முதல் அத்தியாயத்தைத் தாய் மடியில் கிடந்து கேட்ட பிள்ளைகள் கடைசி அத்தியாயத்தைத் தங்கள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்கள் என்றால் எவ்வளவு நீளக் கதை என்று பார்த்துக்கொள்ளலாம். முடிவும் அப்படி ஒரு முடிவு. கோட்டை மீண்டது, இளவரசி முடி சூடினாள், குருட்டு மந்திரவாதிக்குக் கண் வந்தது, வாள்வீரன் தொலைந்துபோன மகனைக் கண்டுபிடித்தான். பீடி சுற்றிக்கொண்டிருந்த செய்யது பாத்து விக்கி விக்கி அழுதாள். ராமலெச்சுமி தன் வீட்டிலிருந்து பாயசம் வைத்துக் கொண்டுவந்து, “நம்ம வெண்கோதைக்குப் பட்டாபிஷேகம்லா” என்று எல்லோருக்கும் ஊற்றினாள். யாருக்கும் ஒரு குறையும் வைக்காத முடிவு என்று தெருவே மெச்சியது.

ஆவுடைக்கு மட்டும் பாயசம் இறங்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பகல் பூராவும் ஊருக்கே பேசிய அவள் தொண்டை, விளக்கு வைத்த பிறகு ஒரு சொல்லுக்கும் வேலையில்லாமல் கிடக்கும், அது பழகிப்போனதுதான். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்று இருந்தது. இத்தனை பேருக்கு எல்லாம் கிடைத்த முடிவில் ஒருத்தனை நட்டாற்றில் விட்டது கதை எழுதியவர் அல்ல, அவள்தான்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் இளவரசி, “நாங்கள் திரும்பி வரும்வரை இங்கேயே நில்” என்று குதிரைக்காரனை வெள்ளித்துறை என்ற ஆற்றுத்துறையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தாள். அந்த வாரம் திரும்பி வருகிறார்கள். வந்து பார்த்தால், எதிரியின் வேல் நெஞ்சில் பாய்ந்து, கடிவாளத்தை விடாத கையோடு அவன் செத்துக் கிடக்கிறான். அச்சில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் மாடத்தி, மகன் முத்துக்குட்டி செத்த துக்கம் கழிந்து, வீட்டில் இருக்க முடியாமல் முதல்முதலாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வடக்கே மில் வேலைக்குப் போன பையன், கரண்ட் அடித்து, பெட்டியில் வந்தான். ஆவுடை வரியைப் பார்த்தாள், மாடத்தியின் முகத்தைப் பார்த்தாள், குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், “ஆற்றில் வெள்ளம் பெருகியதால் இளவரசி வேறு வழியே செல்ல நேர்ந்தது” என்று வாசித்துவிட்டாள். அதன் பிறகு கதையில் குதிரைக்காரனின் சாவு பற்றிப் பேச்சு வந்த இடத்தையெல்லாம் தாண்டித் தாண்டி வாசித்தாள். ஆக, மற்ற எல்லா ஊரிலும் குதிரைக்காரன் செத்துப்போனான். அனந்தேரியில் மட்டும் நின்றுகொண்டிருந்தான். வேறு எந்த ஊருக்கும் போகாமல் அவன் இங்கே வந்து நின்றது ஏன் என்று ஆவுடைக்கு முதல் நாளே புரிந்துபோயிற்று.

கீழத்தெருக் குதிரைக்குச் சோளத்தட்டை கொண்டுபோகும் வேலையை அவளே வாங்கிக்கொண்டாள். தினமும் வெயில் தாழ்ந்ததும் போவாள், குதிரை தின்று முடிக்கும்வரை கல்லில் உட்கார்ந்திருப்பாள். முதலில் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் அவன், “ஆரம்பத்தில் குதிரைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். போகப்போக என் குரலே எனக்கு வேற்றாள் குரலாகக் கேட்டது. நிறுத்திவிட்டேன்” என்றான்.

“எனக்கும் அப்பிடித்தான்” என்றாள் ஆவுடை. “பகல்ல வாசிக்கது என் குரல் இல்ல. அது கதையோட குரல். என் குரல்ல பேசி எத்தன நாளாச்சு தெரியுமா?”

“இப்போது பேசுகிறீர்களே.”

ஆமாம் அல்லவா என்று அவளுக்கே தோன்றியது. அன்றையிலிருந்து அவள் நிறையப் பேசினாள். அப்பாவின் இருமல், ஒழுகுகிற ஓடு, பீடிக் கம்பெனிக்காரன் இலை நிறுக்கும்போது செய்கிற தில்லுமுல்லு என்று எல்லாவற்றையும் பேசினாள். அவன் எதிர்க்கரையைப் பார்த்தபடியே கேட்பான். பாதிக் காதானாலும் ஒரு சொல்லையும் விடாமல் கேட்பான். துறைக்குப் போகும்முன் அவள் தலை வாருவதை ராமலெச்சுமி கண்டுபிடித்துவிட்டாள். “குதிரைக்குத் தட்ட போடப் போற ஆளுக்குப் பிச்சிப்பூ எதுக்குக்கா?” என்று கேட்க, பீடித் தட்டுகள் குலுங்கப் பெண்கள் சிரித்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வெளியூர் பஸ்ஸின் கண்டக்டர் ஒருத்தன் குதிரை பார்க்க இறங்குகிறவரை. துறைக்கு வந்தவன் குதிரைக்காரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவன் செத்துப்போனவம்லா? நெஞ்சுல வேலு பாஞ்சு...” என்றான். துறையானின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் குங்குமப் பொட்டளவு சிவப்பாக ஊறியது. ஆவுடை கையிலிருந்த சோளத்தட்டைக் கட்டாலேயே கண்டக்டரை ஒரு போடு போட்டாள். குளிக்க வந்திருந்த பெண்கள் சேர்ந்து அவனைப் பஸ் வரைக்கும் விரட்டினார்கள். பொட்டு மட்டும் காயவில்லை.

“ஏன் அந்த ஆளு அப்பிடிச் சொன்னான்?” என்று செய்யது பாத்து கேட்டாள்.

“வெளியூர்ல எல்லாம் தப்புத்தப்பா அச்சடிக்கான்” என்றாள் ஆவுடை. ஊர் அதை நம்பியது. வெளியூரைப் பற்றி அனந்தேரி எதையும் நம்பும்.

பஸ் நிறுத்தத்தில், ‘குதிரைக்காரனிடம் வெளியூரார் கதை பேசக்கூடாது’ என்று பஞ்சாயத்து பலகை மாட்டியது. முறை வைத்துக் காவலும் இருந்தார்கள். ஆனாலும் பலகையைப் பார்த்தே பலபேர் வந்தார்கள். வந்தவர்களில் எவனாவது ஒருத்தன் எதையாவது சொல்லிவிடுவான். பொட்டு உள்ளங்கையளவு ஆயிற்று. அவன் அதைக் குனிந்து பார்க்கவே இல்லை. “கொஞ்சம் குளிர்கிறது” என்று மட்டும் ஒரு நாள் ஆவுடையிடம் சொன்னான். அதற்கு மேல், கதை முழுசும் புத்தகமாக வரப்போகிறது, நூலகத்துக்கும் வாங்குகிறார்கள் என்று சேதி வந்தது. வந்துவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசிக்கும். எத்தனை பிள்ளை வாயை எத்தனை பேர் பொத்துவது?

“இதுக்கு ஏங்க்கா மண்டைய ஒடைக்க?” என்றாள் ராமலெச்சுமி. “எளவரசி தொறைக்கு வந்தாள்னு நீயே ஒரு அத்தியாயம் வாசிச்சிரு. அவன் நம்பிருவான். ‘இனி இந்த ஊர்லயே இரு’ன்னு அவ சொன்னதா வாசி. கீழத்தெருக் கடைசி வீட்ல எடம் இருக்குன்னும் சேத்து வாசி.”

எல்லோரும் சிரித்தார்கள். மாடத்தி மட்டும் சிரிக்காமல் ஆவுடையைப் பார்த்தாள்.

ஆவுடைக்கு அது வேண்டியிருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, ரொம்பவே வேண்டியிருந்தது. வாசித்தால் நடக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. அவன் இங்கே நிற்பதே அவள் வாசித்ததால்தான். ஆனால், இரு என்று சொன்னால் இருப்பான். அதுதான் பயம். அவன் ஆணைக்கு நிற்கிற ஆள். கல்துறையில் நிற்பதை விட்டு அவள் வீட்டு முற்றத்தில் வந்து நிற்பான், கையில் எதையாவது பிடித்துக்கொண்டு, அவள் சொல்லும்வரை. காலம் பூராவும் ஒருத்தி நிற்கச் சொன்னாள் என்று நின்றவனை இன்னொருத்தி நிற்கச் சொல்வதா? ஆனாலும், அவனாகவே ‘இருக்கிறேன்’ என்று சொன்னால்? அப்படிச் சொல்லமாட்டான் என்று யார் கண்டது?

அடுத்த வெள்ளிக்கிழமை ஊரே துறைக்குப் போயிற்று. பெண்கள் பீடித் தட்டோடு கற்களில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் பின்னால் நின்றார்கள், இந்தத் தடவை ஒளிவு மறைவில்லாமல். காலையில்தான் ஆவுடை வீட்டைக் கழுவி, பரணிலிருந்து இன்னொரு சாப்பாட்டுத் தட்டை இறக்கித் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். வார இதழை விரித்தாள். அந்தப் பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினாள்.

“போர் முடிந்து, முடி சூடி, விருந்து ஓய்ந்த பின்னும் இளவரசி வெண்கோதைக்கு உறக்கம் கொள்ளவில்லை. எதையோ மறந்துவிட்டோம், எவரையோ மறந்துவிட்டோம் என்று அவள் நெஞ்சு அரற்றிக்கொண்டேயிருந்தது. விடியுமுன் எழுந்தாள், எவரையும் எழுப்பாமல் புறப்பட்டாள், மலை கடந்தாள், காடு கடந்தாள், கால் கொப்பளிக்க நடந்து வெள்ளித்துறைக்கு வந்து சேர்ந்தாள்.”

நான்கு குதிரைகளும் எதிர்க்கரைப் பக்கம் காதை நிமிர்த்தின. துறையான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

“‘தாமதமாகிவிட்டது’ என்றாள் இளவரசி. ‘குதிரைகள் நலமாயிருக்கின்றன, தாயே’ என்றான் அவன். அவள் தண்ணீரில் இறங்கி வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடிவாளங்களை வாங்கிக்கொண்டாள். ‘நீ நின்றது போதும்’ என்றாள்.”

அவன் கை திறந்துகொண்டது. கடிவாளங்கள் கீழே விழவில்லை. யாரோ வாங்கிப் பிடித்த மாதிரி அந்தரத்தில் நின்றன. அவன் மெல்ல மடிந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததைப் பார்த்து ஊரே மூச்சு விட்டது. பின்னால் நின்ற சங்கரபாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆவுடை வாசித்தாள். “‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று இளவரசி கேட்டாள்.”

அதோடு நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் அவளிடம் வரி இல்லை. அவனே சொல்ல வேண்டிய இடம் அது. அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கதையிலும் கேட்டதில்லை, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த ஊரும் கேட்டதில்லை. அவன் குதிரைகளைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான். பிறகு முதல்முறையாக எதிர்க்கரையிலிருந்து கண்ணை முழுசாக எடுத்து அவளைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. கூந்தல் தைல விளம்பரத்தில் இருந்த பெண்ணின் நீள முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கரையைப் பார்க்க வேண்டும்” என்றான் அவன். “இத்தனை காலமும் அதை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாளும் அங்கே போனதில்லை.”

ஒரு பீடித் தட்டும் அசையவில்லை. அடுத்த வரியை அவள்தான் வாசிக்க வேண்டும். அவள் வாசிக்காவிட்டால் அவனால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

“‘அப்படியே ஆகட்டும்’ என்றாள் இளவரசி” என்று வாசித்தாள். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாகக் கதையின் குரல் போய் அவளுடைய குரல் வந்துவிட்டது.

சட்டையிலிருந்த சிவப்பு, தண்ணீர் பட்ட மாதிரி மறைந்தது. அவன் எழுந்து அவளுக்குத் தலை வணங்கினான். குதிரைகள் முன்னே போக, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான். எதிர்க்கரையில் ஒன்றுமில்லை, சாமிக்கண்ணுவின் தென்னந்தோப்புதான். தோப்புக்குப் பின்னால் லாரி போகிற ரோடு. ஆனால் அவன் கரையேறியதும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பார்வையைக் கண்டு, அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று ஊருக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி ஒருமுறை இந்தக் கரையைப் பார்த்தான். பிறகு தென்னைகளுக்குள் போனான். சாமிக்கண்ணு ஓடிப்போய்த் தோப்பு முழுக்கத் தேடினார். ஒரு குளம்படிகூட இல்லை.

“இதுதான் முடிவு” என்றார்கள் எல்லோரும். அச்சில் வந்ததைவிட இது நல்ல முடிவு என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருந்த சோளத்தட்டை யாருக்கு என்பதில் நாலு தெருவுக்கும் மறுபடியும் தகராறு வந்தது. பலகையைக் கழற்றினார்கள். ஆவுடை தேய்த்து வைத்த தட்டைத் திரும்பப் பரணில் ஏற்றினாள். அவன் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் தேவலை. பேசிப் பழகிவிட்ட தொண்டை, வெயில் தாழும் நேரமானால் வலித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுத் தொடர்கதை ஆரம்பித்திருந்தது. தொண்டை சரியில்லை என்று அவள் இதழை விரிக்கவே இல்லை. பெண்கள் சத்தமில்லாமல் சுற்றிவிட்டு மதியத்துக்கே எழுந்து போனார்கள். மாடத்தி போகவில்லை.

“அந்தக் குதிரக்காரன் செத்த கதை எனக்கு அன்னைக்கே தெரியும் ஆவுட” என்றாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கடையநல்லூர்ல இருந்து என் தங்கச்சி மவ வந்து சொல்லிட்டா. எனக்காவத்தான் நீ மாத்தி வாசிச்சேன்னும் தெரியும்.”

ஆவுடை அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “ஒரு வார்த்த சொல்லலையே மதினி?”

“என்னத்தச் சொல்ல? எவ பெத்த பிள்ளையோ, ஒருத்தனாவது நிக்கட்டும்னு இருந்துட்டேன். வாரா வாரம் அவன் இன்னும் நிக்கானான்னு கேக்கத்தான் வந்தேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “என் மவனையும் நான் அப்பிடித்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். கதவத் தாள் போடுததில்ல. சட்டைய மடிச்சு மடிச்சு வைக்கேன். அவனும் எத்தன வருசந்தான் நிப்பான்? அவங்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டு வாசி.”

படிக்க எந்தப் பக்கமும் இல்லை. ஆவுடை வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு, குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள்.

“வடக்கே வேலைக்குப் போன முத்துக்குட்டி, தன் வீட்டு வாசலில் வெகுகாலமாக நின்றுகொண்டிருந்தான். உள்ளே அம்மா இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு நாள் மதியம் அம்மா எழுந்து வெளியே வந்து, அவன் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டு, ‘ஒனக்கு என்னய்யா வேணும்?’ என்று கேட்டாள்.”

ஆவுடை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மாடத்தி கையிலிருந்த பீடியைச் சுற்றி முடித்தாள். தலையை மடித்து நூல் கட்டினாள். தட்டில் வைத்தாள். இன்னொரு இலையை எடுத்தாள், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

“போவணும்னுதான் சொல்லுதான்” என்றாள்.

“‘சரிய்யா, போ’ என்றாள் அம்மா” என்று ஆவுடை தன் குரலிலேயே வாசித்தாள்.